மதினியின் ரோடு ரோலர்

சத்தியப்பிரியாவுக்குக் காத்திருப்பது என்றாலே ஆகாது. குக்கரில் ஆவி அடங்கும் முன்பே கரண்டிக் காம்பால் விசிலைத் தூக்கிவிடுவாள். ரயில்வே கேட் மூடியிருந்தால் ஸ்கூட்டரைத் திருப்பிச் சுற்றுவழியில் போவாள். அந்த வழி இன்னும் நேரம் பிடிக்கும் என்றாலும் நிற்கமாட்டாள். கல்லலிலிருந்து காரைக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வாரத்திலேயே மாமியார் பொன்னுத்தாயி, "இந்தப் பிள்ளை நடக்குதா பறக்குதான்னு தெரியலையே" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள்.

கணவன் ஈஸ்வரன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். கல்யாண லீவு முடிந்ததும் கிளம்பிப் போய்விட்டான். சத்தியப்பிரியாவுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை இருந்ததால் பகல் பொழுது எப்படியோ ஓடிவிடும். சாயங்காலம்தான் சிரமம். மாமனார் கட்டட வேலை மேற்பார்வைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். பொன்னுத்தாயி சமையலறையில் இருப்பாள். மிச்சம் இருப்பது நாத்தனார் ஸ்வேதா. கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல் இருப்பாள்.

"சாப்ட்டீகளா மதினி?"

"சாப்ட்டேன். நீ?"

"ம்."

ஒரு மாதமாக அந்த வீட்டில் இருவரும் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சத்தியப்பிரியா வேலை முடிந்து வந்தபோது, ஸ்வேதா டீவி முன்னால் தரையில் உட்கார்ந்து கையில் ரிமோட் போன்ற ஒன்றைப் பிடித்து விரல்களால் தட்டிக்கொண்டிருந்தாள். திரையில் இரண்டு பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். விளையாட்டுக் கருவி ஈஸ்வரன் வாங்கி வைத்துவிட்டுப் போனது. விளையாட்டின் பெயர் 'நக்கிள் பஜார்'.

"நானும் ஆடவா?" என்றாள் சத்தியப்பிரியா.

ஸ்வேதா திகைத்துப்போனாள். ஆனாலும் இன்னொரு கன்ட்ரோலரை எடுத்துக் கொடுத்தாள். "மேல ரெண்டு கோடு இருக்கு பாருங்க மதினி, அதான் உசிரு. அடி வாங்க வாங்கக் குறையும். யாரு கோடு முதல்ல காலியாகுதோ அவுக தோத்தாச்சு. மூணு ரவுண்டுல ரெண்டு ஜெயிக்கணும். நடுவுல கடிகாரமும் ஓடும். நேரம் முடிஞ்சிருச்சுன்னா யாருக்குக் கோடு அதிகமா இருக்கோ அவுக ஜெயிச்ச மாதிரி."

திரையில் சண்டைக்காரர்களின் முகங்கள் வரிசையாக வந்தன. ஒல்லியான பெண், வில் வைத்திருக்கும் ஆள், முகமூடிக்காரன், கையில் உறை மாட்டிய குத்துச்சண்டைக்காரன். கடைசியில் கழுத்தே இல்லாமல் தோளில் தலை முளைத்தது போல் ஒருவன். கை ஒவ்வொன்றும் ஆட்டுரல் மாதிரி.

"இவன் யாரு?"

"அவனா? அவன் பேரு போரோன். நாங்க ரோடு ரோலர்னு சொல்லுவோம். நாலஞ்சு அடி விழுந்தாப் போதும், எதிராளி காலி. ஆனா..."

"நாலு அடியில முடியுமா? பெறகு எதுக்கு மத்தவுக நாப்பது அடி அடிக்கிறாக? எனக்கு அவன்தான்."

'ஆனா'வுக்குப் பிறகு என்ன என்பதைச் சொல்ல ஸ்வேதாவுக்கு நேரமே கிடைக்கவில்லை. ஒல்லிப் பெண் லீனாவை எடுத்துக்கொண்டு ஆடத் தொடங்கினாள்.

அந்த 'ஆனா' உடனே தெரிந்துபோனது. சத்தியப்பிரியா பொத்தானை அமுக்கினாள். ரோடு ரோலர் கையைத் தூக்கினான். தூக்கிய கையோடு, போகலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல் ஒரு கணம் நின்றான். அதற்குள் லீனா மூன்று அடி அடித்துவிட்டுத் தாவி முதுகுப் பக்கம் போய் நின்றுவிட்டாள். கை இறங்கியபோது எதிரே யாரும் இல்லை. வெறும் தரையில் விழுந்தது.

"ஏய், நான் அப்பவே அமுக்கிட்டேன்! இவன் இப்பத்தான் கையத் தூக்குறான்!"

"அவன் அப்படித்தான் மதினி."

"நட, நட, நடடா! அங்குட்டு நிக்கிறா பாரு! கல்யாண வீட்டுல பந்திக்குப் போற பெரிய மனுசன் மாதிரி நடக்குறானே!"

ஸ்வேதாவுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பொன்னுத்தாயி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மகள் இப்படிச் சத்தமாகச் சிரித்து அவள் பார்த்து வெகுநாளாகியிருந்தது. அடுப்பைக் கவனிக்க உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து தினமும் ஆட்டம்தான். தினமும் சத்தியப்பிரியாவுக்குத் தோல்விதான். ரோடு ரோலரின் குறைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. உடம்பு அவ்வளவு பெரிசாக இருந்ததால், மற்றவர்கள் குனிந்து தப்பிக்கிற அடியெல்லாம் அவன் மேல் தவறாமல் விழுந்தது. விழுந்தால் எழுந்திருக்க நேரமாகும்; எழுந்திருக்கும்போதே அடுத்த அடி காத்திருக்கும். ஓடுகிறவனைத் துரத்த முடியாது. தூரத்தில் நின்று எறிகிறவனிடம் மாட்டிக்கொண்டால் எல்லாவற்றையும் நெஞ்சில் வாங்க வேண்டியதுதான்.

"வேற ஆளை எடுங்க மதினி, சீக்கிரம் பழகிரலாம்" என்றாள் ஸ்வேதா.

"மாட்டேன். இவன் ஒரு அடி அடிச்சா வீடே அதிருதுல்ல? அது மத்தவுககிட்ட இல்ல."

அவள் முதன்முதலாக ஜெயித்தது தற்செயலாகத்தான். ஆளுக்கொரு ரவுண்டு ஜெயித்து மூன்றாவது ரவுண்டு நடக்கும்போது வேலை செய்யுமிடத்திலிருந்து போன் வந்தது. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, மறுகை விரலால் தடுப்புப் பொத்தானை மட்டும் அமுக்கியபடி பேசினாள். ரோடு ரோலர் கைகளை முகத்துக்கு முன்னால் மடக்கிக்கொண்டு சும்மா நின்றான். லீனா முன்னாலிருந்து அடித்தாள், தாவினாள், பின்னாலிருந்து அடித்தாள். எல்லாம் தடுப்பில் பட்டுத் தெறித்தன. பொறுமையிழந்து ஸ்வேதா பெரிய உதை ஒன்றை விட்டாள். அதுவும் தடுப்பில் பட்டது. லீனாவின் கால் நீட்டியபடி இருந்தது. அந்தச் சின்ன இடைவெளியில் சத்தியப்பிரியாவின் விரல், எதிராளியைப் பிடித்துத் தூக்கும் பிடிப் பொத்தானில் பட்டது. ரோடு ரோலர் லீனாவை இரண்டு கையாலும் அள்ளித் தலைக்கு மேலே சுழற்றித் தரையில் அறைந்தான். லீனாவின் கோட்டில் பாதி ஒரேயடியாகக் காணாமல் போனது.

"சாம்பிள் ரிசல்ட் நாளைக்குத்தான் சார் வரும்" என்று போனில் சொல்லிக்கொண்டே இன்னொரு முறை பிடித்துத் தூக்கி அறைந்தாள். ஆட்டம் முடிந்தது.

"எப்படி மதினி?" ஸ்வேதா வாயைப் பிளந்தாள்.

"தெரியல. நான் ஒண்ணுமே செய்யலையே."

"அதான்! நீங்க சும்மா நின்னீக. எனக்கு என்ன பண்ணுறதுனே தெரியல."

அப்போதுதான் சத்தியப்பிரியாவுக்கு ரோடு ரோலரின் ரகசியம் பிடிபட்டது. அவனை வைத்துக்கொண்டு எதிராளியைத் தேடிப் போகக் கூடாது. எதிராளியை வரவைக்க வேண்டும். வந்தவன் அடித்தால் தடுக்க வேண்டும். அவன் தடுப்பிலேயே உட்கார்ந்துவிட்டால் பிடிக்க வேண்டும், ஏனென்றால் பிடியைத் தடுக்க முடியாது. கையைத் தூக்கிவிட்டால் ஒரு சின்ன அடிக்கெல்லாம் அது நிற்காது. அடி வாங்கிக்கொண்டே இறங்கும். எல்லாம் சரி, ஆனால் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டுமே! சத்தியப்பிரியா பல்லைக் கடித்துக்கொண்டு, கால் விரல்களைத் தரையில் அழுத்திக்கொண்டு, "வா, வா, வாடி" என்று முணுமுணுத்தபடி காத்திருக்கப் பழகினாள். பத்து ஆட்டத்தில் மூன்று, பிறகு நான்கு என்று ஜெயிக்கவும் தொடங்கினாள்.

"ஒண்ணு சொல்லவா மதினி?" என்றாள் ஸ்வேதா ஒருநாள். "நான் ஜெயிச்சுக்கிட்டு இருக்கும்போதும், உங்க ஆளு ஒரு எட்டு கிட்ட வந்தா எனக்குக் கை வேர்த்துருது."

செக்காலைப் பக்கம் கேம் சென்டர் நடத்தும் வேல்பாண்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடி ஹாலில் போட்டி வைத்தார். இரண்டிரண்டு பேர் சேர்ந்த அணிகள். ஓர் அணியிலிருந்து ஒருவர் முதலில் ஆட வேண்டும். தோற்றால் எழுந்து கூட்டாளிக்கு இடம் விட வேண்டும். ஜெயித்தவர் அப்படியே உட்கார்ந்து எதிரணியின் அடுத்த ஆளோடு ஆட வேண்டும். இரண்டு பேரும் தோற்றால் அணி வெளியே. ஸ்வேதா தன் தோழி சாலாவோடு பெயர் கொடுத்திருந்தாள். முந்தின நாள் சாலாவிடமிருந்து போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்களாம்.

ஸ்வேதா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் வாரேன்" என்றாள் சத்தியப்பிரியா.

"மதினி, அங்குட்டு நெறையப் பேரு வருவாக. சாக்கோட்டையில இருந்து விஷ்வா, தேவான்னு ரெண்டு பேரு வருவாக. போன தடவ கப்பு அவுகளுக்குத்தான்."

"வரட்டும். நம்மளும் போவோம்."

"ரெண்டு பொம்பளப் பிள்ளைகளும் தனியா எங்க போறீக?" என்று பொன்னுத்தாயி உள்ளே இருந்து வந்தாள். விவரம் கேட்டதும், "நானும் வாரேன்" என்றாள். மறுநாள் ஒரு பெரிய டப்பாவில் புளியோதரை கட்டிக்கொண்டு முதல் வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கையில் போன். அதில் வீடியோ காலில் ஈஸ்வரன். சிங்கப்பூரில் அவனுக்கும் அன்று விடுமுறை.

முதல் ஆட்டத்தில் ஸ்வேதாவே எதிரணி இருவரையும் வீழ்த்திவிட்டாள். சத்தியப்பிரியா கன்ட்ரோலரைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. "நான் எதுக்குத்தான் வந்தேன்?" என்று அவள் நாற்காலியில் நெளிந்தாள்.

அரையிறுதியில் நிலைமை மாறியது. இப்போது ஹாலில் கூட்டம் சேர்ந்திருந்தது. பின்னாலிருந்து ஆளாளுக்குக் கத்தினார்கள். ஸ்வேதாவின் கை நடுங்கியது. லீனா தாவ வேண்டிய இடத்தில் குனிந்தாள், குனிய வேண்டிய இடத்தில் தாவினாள். இரண்டு ரவுண்டும் சடசடவென்று போய்விட்டன. தலையைக் குனிந்துகொண்டு எழுந்து வந்தாள்.

சத்தியப்பிரியா போய் உட்கார்ந்து ரோடு ரோலரைத் தேர்ந்தெடுத்தாள். ஹாலே சிரித்தது.

"அக்கா, அவன் வந்து சேர்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிரும்!" என்றான் ஒருவன்.

எதிரே இருந்தவனுக்கும் சிரிப்பு. ஸ்வேதாவை அடித்த வேகத்திலேயே பாய்ந்து வந்தான். ரோடு ரோலர் கையைத் தூக்கினான். எதிராளி அதைக் கண்டுகொள்ளாமல் ஒரு குத்து விட்டான். அந்தக் குத்தை வாங்கிக்கொண்டே கை இறங்கியது. ஹாலில் இருந்த ஸ்பீக்கர் 'தொம்' என்று அதிர்ந்தது. சிரிப்பு நின்றது. இரண்டு ரவுண்டும் முடிகிறவரை அவன் திரும்பத் திரும்பப் பாய்ந்தான். ஒவ்வொரு முறையும் அதே கதிதான். அவனுக்கு அடுத்து வந்த கூட்டாளி இதைப் பார்த்துப் பயந்துபோய், ஆரம்பத்திலிருந்தே தடுப்பில் உட்கார்ந்துகொண்டான். சத்தியப்பிரியா மெல்ல நடந்து போய், தடுத்துக்கொண்டிருந்தவனை அப்படியே அள்ளித் தூக்கி அறைந்தாள். மறுபடி நடந்து போனாள், மறுபடி தூக்கினாள். அடுத்த ரவுண்டும் அதே கதைதான். ஆட்டம் முடிந்தது.

"அடி ஆத்தீ! மூட்டையத் தூக்குற மாதிரில்ல தூக்குறான்!" என்றாள் பொன்னுத்தாயி.

சிக்னல் சரியில்லாததால் ஈஸ்வரனுக்குப் படம் தாமதமாகப் போனது. எல்லாரும் கைதட்டி ஓய்ந்த பிறகு, அமைதியான ஹாலில் போனிலிருந்து, "தூக்கு! தூக்கு! அப்படித்தான்!" என்று அவன் குரல் மட்டும் ஒலித்தது. அதற்கும் ஒரு கைதட்டல் விழுந்தது.

இறுதி ஆட்டம் சாக்கோட்டைக்காரர்களோடு. தேவா குத்துச்சண்டைக்காரனை எடுப்பான், விஷ்வா வில்லாளியை எடுப்பான் என்று ஸ்வேதாவுக்குத் தெரியும்.

"ரோடு ரோலருக்கு எமனே அந்த வில்லாளிதான் மதினி. கிட்டயே வரமாட்டான். நான் முதல்ல போயி அவனை முடிக்கணும். ஆனா என் கையப் பாருங்க." கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப நான் முதல்ல போறேன். நீ தண்ணியக் குடிச்சிட்டு ஆற அமர வா."

சாக்கோட்டைக்காரர்கள் முதலில் தேவாவை அனுப்பினார்கள். தேவா அவசரக்காரன் இல்லை. ஒரு குத்து விடுவான், பின்னால் போய்விடுவான். மறுபடி ஒரு குத்து, மறுபடி பின்னால். ரோடு ரோலரின் கோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. முதல் ரவுண்டு நேரம் முடிந்து தேவாவுக்குப் போனது. இரண்டாவதில் சத்தியப்பிரியா அடிப்பதையே விட்டுவிட்டு, தடுத்துக்கொண்டே ஓர் எட்டு, தடுத்துக்கொண்டே இன்னோர் எட்டு என்று முன்னால் நடந்தாள். பின்னால் பின்னால் போன தேவாவின் முதுகு திரையின் ஓரத்தில் போய் முட்டியது. அதற்கு மேல் போக இடமில்லை. பிடி, அறை, பிடி, அறை.

மூன்றாவது ரவுண்டிலும் அதே மூலைக்கு அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். தேவாவுக்கு இப்போது பிடிமேல்தான் பயம். பிடியிலிருந்து தப்ப ஒரே வழி குதிப்பதுதான். ரோடு ரோலர் பக்கத்தில் வந்து நின்றான். சத்தியப்பிரியா பிடிக்கவில்லை. அடிக்கவும் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். தேவா குதித்தான். அதே கணம் ரோடு ரோலர் தலையை மேலே தூக்கி முட்டினான். குத்துச்சண்டைக்காரன் அந்தரத்தில் சுழன்று கீழே விழுந்தான். மிச்சமிருந்த கோடும் காலியானது.

"நான் குதிப்பேன்னு எப்படிங்க தெரிஞ்சது?" என்று தேவா எழுந்துகொண்டே கேட்டான்.

"உங்க எடத்துல நானா இருந்தா அதுக்கும் முன்னாடியே குதிச்சிருப்பேன். அவ்வளவு நேரம் நீங்க நின்னதே பெரிசு" என்றாள் சத்தியப்பிரியா.

அடுத்து விஷ்வா வந்தான். வில்லாளி திரையின் அந்தக் கோடியில் நின்றுகொண்டு அம்பு மேல் அம்பாக விட்டான். ரோடு ரோலர் நடந்தான். நெஞ்சில் அம்பு, தோளில் அம்பு. குதித்தாலும் அந்த உடம்பு எவ்வளவு உயரம் போகும்? அந்தரத்திலும் அம்பு. முதல் ரவுண்டில் விஷ்வாவை அவள் தொடவே இல்லை.

"ஏம்ப்பா இவன் தூரமா நின்னு எறியுறான்? கிட்ட வரச் சொல்லு!" என்று பொன்னுத்தாயி வேல்பாண்டியிடம் நியாயம் கேட்டாள்.

"ஆட்டத்துல அதுவும் உண்டும்மா" என்றார் வேல்பாண்டி பணிவாக.

இரண்டாவது ரவுண்டில் சத்தியப்பிரியா அம்புக்கு ஒரு தடுப்பு, தடுப்புக்கு ஓர் எட்டு என்று போனாள். பார்க்கிறவர்களுக்கே பொறுமை போயிற்று. விஷ்வாவோ நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். அம்புகள் தாறுமாறாகப் பறந்தன. மூலைக்குப் போனதும் இரண்டே பிடியில் ரவுண்டு அவளுக்கு. மூன்றாவது ரவுண்டில் நடந்தாள், நடந்தாள், கிட்டத்தட்டப் போய்ச் சேர்ந்துவிட்டாள். கையை நீட்ட வேண்டியதுதான் பாக்கி. கடிகாரம் நின்றுவிட்டது. ஒரு மயிரிழை அளவுக்கு விஷ்வாவின் கோடு அதிகமாக இருந்தது.

சத்தியப்பிரியா தோற்றுவிட்டாள். ஸ்வேதா கைகளைப் பிசைந்துகொண்டு வந்தாள்.

"மதினி, எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான் இருக்கு. அது கெடக்குது, அங்குட்டுப் பாரு." சத்தியப்பிரியா காதோரம் சொன்னாள். விஷ்வா இரண்டு உள்ளங்கைகளையும் மாறி மாறிச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான். நெற்றியில் வேர்வை வழிந்தது. "ஜெயிச்சவன் அவன். ஆனா வேர்த்து ஊத்துறது யாருக்கு? இன்னும் ரோடு ரோலரே எதுக்க நிக்கிற மாதிரி முழிக்கிறான் பாரு."

ஸ்வேதா பார்த்தாள். அவள் உதட்டில் சிரிப்பு வந்தது. உட்கார்ந்தாள்.

விஷ்வா அத்தனை நேரம் மெதுவாக நடக்கும் ஒரு மலையைக் குறிபார்த்துப் பழகியிருந்தான். இப்போது எதிரே இருந்தவளோ கண்ணுக்கே அகப்படவில்லை. ஓர் அம்பு விடுவதற்குள் லீனா அதன் மேலே தாவி மூக்குக்கு முன்னால் நின்றாள். அடுத்த அம்பை எடுப்பதற்குள் முதுகுப் பக்கம் போனாள். அவன் கை இன்னும் பழைய தாளத்திலேயே போய்க்கொண்டிருந்தது. முதல் ரவுண்டு ஸ்வேதாவுக்கு. இரண்டாவதில் அவன் சுதாரித்து அவள் கோட்டைப் பாதிக்கு மேல் இறக்கினான். ஆனால் ஸ்வேதாவின் கை நடுங்கவில்லை. கடைசி அம்புக்குக் கீழே சறுக்கிப் போய் ஒரு உதை விட்டாள். வில்லாளி விழுந்தான்.

ஸ்வேதா கன்ட்ரோலரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து, "மதினீ!" என்று கத்தினாள். அந்தக் குரல் தெரு முனை வரை கேட்டிருக்கும். சத்தியப்பிரியா அவளைக் கட்டிப்பிடித்து அப்படியே தரையிலிருந்து தூக்கிவிட்டாள்.

"கீழ போட்டுறாதத்தா!" என்று பொன்னுத்தாயி அலறினாள். போனில் ஈஸ்வரன், "ஐயோ, டைம் முடியப்போகுது, பிடி பிடி!" என்று இன்னும் மனைவியின் ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "டேய், அதெல்லாம் முடிஞ்சு போச்சு. கப்பு நமக்குத்தான்டா" என்று பொன்னுத்தாயி போனைப் பார்த்துச் சொன்னாள்.

வேல்பாண்டி கோப்பையைக் கொடுத்தார். ஆளுக்கொரு ஹெட்போனும் கிடைத்தது. பொன்னுத்தாயி புளியோதரை டப்பாவைத் திறந்து, பக்கத்தில் நின்ற சாக்கோட்டைக்காரர்கள் இருவரையும் உட்காரச் சொன்னாள். அவர்கள் தயங்கினார்கள். அவள் விடவில்லை.

இரண்டாவது கவளத்தில் விஷ்வாவுக்குப் பேச்சு வந்தது. "அக்கா, அந்த மூணாவது ரவுண்டுல இன்னும் ஒரு வினாடி இருந்திருந்தா நான் காலி. உங்ககூட இன்னொரு தடவ ஆடணும். அடுத்த வாரம் இங்க வாரீகளா?"

"எதுக்கு இங்க? வீட்டுக்கு வாங்க" என்றாள் சத்தியப்பிரியா. சொன்ன பிறகுதான் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

பொன்னுத்தாயி தேவாவின் தட்டில் இன்னொரு கரண்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

"வரட்டும், வரட்டும். ஆனா மத்தியானத்துக்கு மேல வாங்கப்பா. காலையில டீவி எனக்கு வேணும்" என்றாள். பிறகு ஏதோ யோசித்தவளாக விஷ்வாவைப் பார்த்து, "வரும்போது அந்த வில்லுக்காரனைக் கூட்டிக்கிட்டு வராதீக. அவன் கிட்ட வந்து சண்டை போடமாட்டேங்கிறான்" என்றாள்.

ஸ்வேதா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். புரை ஏறிவிட்டது. சத்தியப்பிரியா அவள் தலையில் தட்டினாள். தட்டிய கை நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை.